நீத்தார் கடன்: எள்ளும் நீரும் பெயரும்



ஆடி அமாவாசை, புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாட்களில் நம் நாட்டு நீர்த்துறைகள் பொழுது புலருமுன்னரே விழித்துக்கொள்கின்றன. இராமேசுவரத்து அக்கினி தீர்த்தம், வேதாரணியத்துக் கடற்கரை, பவானிக் கூடுதுறை, திருவரங்கத்து அம்மா மண்டபம், திருவையாற்றுப் புஷ்ய மண்டபத் துறை, பாபநாசத்துத் தாமிரபரணிக் கரை என எங்கு நோக்கினும், தெற்கு நோக்கி அமர்ந்து எள்ளும் நீரும் இறைக்கும் மக்களைக் காண்கிறோம். செல்வரும் வறியவரும், கற்றவரும் கல்லாதவரும் அன்று ஒரே படித்துறையில் ஈர ஆடையுடன் அருகருகே அமர்கின்றனர்.

இச்சடங்கிற்கு வேண்டும் பொருள்கள் மிகச் சில. எள்ளைக் கடையில் வாங்கலாம். நீரை ஆறு தரும். தருப்பையைப் புரோகிதர் கொண்டுவருவார். ஆயின், எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள் ஒன்றும் இதற்கு வேண்டும். அதுவே மறைந்தவர்தம் பெயர். அப்பெயரை நம் குடும்பத்தார் ஒருவரே நமக்குத் தர இயலும். நீத்தார் கடனில் பெயர் பெறும் இடம் யாது, அதனை நாம் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

தென்புலத்தார்

இல்லறத்தான் ஓம்ப வேண்டிய ஐவரைத் திருவள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். தென்புலத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்பது அவ்வரிசை. தெய்வத்திற்கும் முன்பாகத் தென்புலத்தாரை வைத்த நுட்பம் எண்ணத்தக்கது. தென்புலம் என்பது தென்திசை. அத்திசையில் உறைவோராகக் கருதப்படும் நம் முன்னோரே தென்புலத்தார். எள்ளும் நீரும் இறைக்குங்கால் தெற்கு நோக்குவது இதனாலேயாகும்.

இக்கருத்து வள்ளுவர்க்கும் முற்பட்டது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று உண்டு. போர் தொடங்குமுன், தீங்கு நேராவண்ணம் அரண் தேடிக்கொள்ளுமாறு அவ்வேந்தன் சிலர்க்கு அறிவிக்கச் செய்கிறான். ஆவும், அந்தணரும், பெண்டிரும், பிணியுடையாரும் அவருள் அடங்குவர். அவர்களோடு, தென்புலத்தார்க்குக் கடன் ஆற்றும் புதல்வரை இன்னும் பெறாதவர்களும் சேர்க்கப்படுகின்றனர். ஒருவன் மடிந்தால் அவன் மட்டும் மடிவதில்லை. அவனை நினைந்து நீர் வார்ப்பாரும் இல்லாமற் போவர். பகைநாட்டில் உள்ளவனுக்கும் அந்நிலை வரலாகாது என்பது அக்கால அறம்.

கடன் என்னும் சொல் தமிழில் பெற்ற பொருளையும் குறிக்கும். செய்ய வேண்டிய முறைமையையும் குறிக்கும். நீத்தார் கடனில் இவ்விரு பொருளும் இயைந்து நிற்கின்றன. உடலும், மொழியும், குடியும் நாம் ஈட்டியவை அல்ல, பெற்றவை. பெற்றதை மறவாதிருத்தலே அக்கடனைத் திருப்பும் முறை.

பெயரைக் கல்லில் காத்த நாடு

மறைந்தவர் பெயரைக் காப்பதில் நம் முன்னோர் காட்டிய அக்கறைக்குக் கற்களே சான்று. போரில் வீழ்ந்தாருக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிநிலைகளாகப் பகுத்துரைக்கிறது. தக்க கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது அம்முறை. அக்கல்லில் வீரனின் பெயரைப் பொறித்தனர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டனவாகக் கருதப்படும் அவற்றுள் ஒன்று, கூடல் என்னும் ஊரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் வீழ்ந்த ஒருவனின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அவன் வேந்தன் அல்லன். ஆநிரைக்காக உயிர் ஈந்த எளிய வீரன். எனினும் அவன் பெயர் அழியவில்லை.

சோழப் பேரரசர்கள் இம்மரபைத் திருக்கோயில் வடிவில் வளர்த்தனர். முதலாம் இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சயரின் நினைவாக வேலூர்ப் பகுதியில் உள்ள மேல்பாடியில் சிவாலயம் எடுப்பித்தான். அவன் மகன் இராசேந்திரன், தன்னைப் பெற்ற தாய் அல்லாத சிற்றன்னை பஞ்சவன் மாதேவியின் நினைவாகக் கும்பகோணத்தை அடுத்த பட்டீச்சரம் அருகே ஒரு பள்ளிப்படைக் கோயிலை எழுப்பினான். கடல் கடந்து படை செலுத்திய வேந்தன், சிற்றன்னையின் பெயர் மறையலாகாது எனக் கருதியது நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

நம்மில் பலர்க்குக் கல் நாட்டவோ கோயில் எடுக்கவோ இயலாது. நம் போன்றார்க்கு முன்னோர் வகுத்துத் தந்த நடுகல்லே தர்ப்பணம். அது கல்லில் எழுதப்படுவதன்று, நாவினால் சொல்லப்படுவது. சொல்வார் இருக்கும்வரையே அது நிலைக்கும்.

பன்னிரு பெயர்கள்

தர்ப்பணம் என்னும் வடசொல்லுக்கு நிறைவு செய்தல், மகிழ்வித்தல் என்பது பொருள். அதனைச் செய்வோன் நீராடித் தூய ஆடை உடுத்து, மூன்று தருப்பைப் புல்லால் முடிந்த பவித்திரத்தை விரலில் அணிந்து, தெற்கு நோக்கி அமர்கிறான். தெய்வங்கட்கு விரல் நுனி வழியே விடப்படும் நீர், முன்னோர்க்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பகுதி வழியே விடப்படுகிறது. அவ்விடத்திற்குப் பித்ரு தீர்த்தம் என்று பெயர். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி மும்முறை எள்ளும் நீரும் விடுவது வழக்கம்.

பெயர்கள் நான்கு வரிசையாக அமையும். தந்தை, பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் என்பது முதல் வரிசை. தாய், தந்தையைப் பெற்ற பாட்டி, பாட்டனாரைப் பெற்ற கொள்ளுப்பாட்டி என்பது இரண்டாம் வரிசை. தாய்வழிப் பாட்டனார் முதலிய மூவர் மூன்றாம் வரிசை. தாய்வழிப் பாட்டி முதலிய மூவர் நான்காம் வரிசை. தந்தையும் தாயும் மறைந்த ஒருவர்க்கு, பெரும்பான்மை வழக்கில், இவ்வாறு 12 பெயர்கள் வேண்டப்படுகின்றன. தந்தை தலைமுறையினரை வசுக்களாகவும், பாட்டனார் தலைமுறையினரை உருத்திரர்களாகவும், அதற்கு முந்தியோரை ஆதித்தர்களாகவும் நினைப்பது மரபு. நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டனாரைத் தெய்வ நிலையில் வைத்து வணங்கச் செய்வது இதன் நோக்கம்.

இந்தப் பன்னிருவருள் அறுவர் பெண்டிர் என்பதை அன்பர்கள் கருத வேண்டும். ஆண்களின் பெயர்கள் நிலப்பத்திரத்திலும் தலைப்பெழுத்திலும் எப்படியோ எஞ்சி நிற்கின்றன. பெண்களின் பெயர்கள் "ஆச்சி", "அப்பாயி", "பெரியாத்தா" என்னும் உறவுச் சொற்களுக்குள் மறைந்து, இரண்டே தலைமுறையில் காணாமற் போகின்றன. தாய்க்குரிய கடனோ மிகப் பெரிது. கயையில் தாய்க்கு மட்டும் 16 பிண்டங்கள் இடும் மாத்ரு ஷோடசி என்னும் தனிச் சடங்கு உண்டு. கருவைச் சுமந்த வருத்தம், பேற்று வலி, கைத்த மருந்துகளை உண்டது, கண் விழித்துக் காத்தது என அவள் பட்ட துன்பங்களை எடுத்துச் சொல்லி ஒவ்வொரு பிண்டமும் இடப்படுகிறது. அத்துணைத் துன்பம் ஏற்ற ஒருத்தியின் பெயரைப் பேரன்மார் அறியாதிருத்தல் தகுமோ?

ஒரு காவிரிக்கரைக் காலை

இவ்வினாவைப் பிறரை நோக்கிக் கேட்கும் தகுதி எனக்கு நெடுநாள் இருந்ததில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன், என் தந்தையார் மறைந்து ஓராண்டு நிறைந்தபின் வந்த ஆடி அமாவாசை அன்று, காவிரிக்கரைப் படித்துறை ஒன்றில் தர்ப்பணத்திற்கு அமர்ந்தேன். தாயார் அதற்கு முன்னரே மறைந்துவிட்டார். தந்தை வரிசையில் மூன்று பெயர்களையும் சொன்னேன். தாய் வரிசையில் இரண்டு பெயர்களோடு என் நா நின்றுவிட்டது.

"கொள்ளுப்பாட்டி பெயர், ஐயா?" என்று சாஸ்திரிகள் மீண்டும் கேட்டார்.

பள்ளியில் தமிழ் பயிற்றிய எனக்குச் சோழ மன்னர் வரிசை முழுதும் தலைகீழ்ப் பாடம். அவர்தம் தேவியர் பெயர்களும் தெரியும். என் பாட்டனாரைப் பெற்றவளின் பெயர் தெரியவில்லை. சாஸ்திரிகள் என் முகத்தைப் பார்த்து, "தெரியாதவர்க்கும் மந்திரத்தில் இடம் உண்டு, பொதுவாகச் சொல்லி விடுவோம். ஆனால் கேட்டறிய ஒருவர் இன்னும் இருக்கும்போது தெரியாது என்று சொல்லலாகாது" என்றார்.

அன்று மாலையே மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த என் அத்தைக்குக் கடிதம் எழுதினேன். அவர் தந்தையாரின் மூத்த தமக்கையார். 80 வயதைக் கடந்தவர். பதினைந்து நாள் கழித்து, அண்டை வீட்டுச் சிறுவனின் கையெழுத்தில் விடை வந்தது. அதில் என் கொள்ளுப்பாட்டியின் பெயர் இருந்தது. அதன்கீழ், நான் கேளாத மற்றொரு பெயரும் இருந்தது.

"தம்பி, உன் அப்பனுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். உனக்குப் பெரியப்பா. நிலத்தை அடகு வைத்த சண்டையில் உன் தாத்தாவோடு கோபித்துக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனான். அன்றோடு வீட்டில் அவன் பேரைச் சொல்லக் கூடாது என்று உன் தாத்தா சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் வருஷம் ஒரு கடுதாசி போடுவான். சண்டை வந்தபிறகு கடுதாசியும் இல்லை, அவனும் இல்லை. அவனுக்கு எள் இறைக்க ஆள் இல்லை. நீ அவனுக்கும் ஒரு கை தண்ணீர் விடப்பா."

1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டுகள் விழுந்தன. அடுத்த ஆண்டில் எண்ணற்ற தமிழர் காடும் மலையும் கடந்து தாயகம் நோக்கி நடந்தனர். அவருட் பலர் வழியிலேயே மாண்டனர். என் பெரியப்பாவும் அவருள் ஒருவராக இருந்திருக்கலாம். பாட்டனார் விதித்த தடை அவர் மறைந்த பின்னும் வழக்கமாகவே நின்றுவிட்டது. என் தந்தையார் தம் இறுதிவரை தமையனாரின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சாஸ்திரிகளிடம் சென்றேன். "பெரியப்பா, சிற்றப்பா, அத்தை, ஆசான், தோழர் எல்லாருக்கும் மகாளயத்தில் இடம் இருக்கிறது. காருணிக பித்ருக்கள் என்று பெயர். நாள் தெரியாதவர்க்கு அமாவாசையே நாள். பெயர் சொல்லி விடுங்கள், ஐயா" என்றார். அவ்வாண்டு மகாளயத்தில் இரு பெயர்களையும் சொல்லி நீர் விட்டேன். அடுத்த தை பிறக்குமுன் அத்தையும் மறைந்தார். நான் எழுதுவதை ஆறு திங்கள் தள்ளிப்போட்டிருந்தால், அவ்விரு பெயர்களும் அவரோடு போயிருக்கும். அப்பெயர்களை இங்கு நான் எழுதவில்லை. அவற்றிற்குரிய இடம் ஆற்றங்கரையே.

கங்கைக்கரையில் குந்தி

அத்தையின் கடிதத்தைப் படித்த நாள்முதல் பாரதத்தின் ஓர் இடம் எனக்குப் புதிதாய்ப் புலப்பட்டது. கர்ணன் வீழ்ந்தபோது போர்க்களத்திலேயே குந்தி அவனை மடியில் ஏந்திக் கதறியதாக நாம் கேட்ட கதைகள் உண்டு. வியாசரோ தம் பாரதத்தின் ஸ்திரீ பருவத்தில் வேறு விதமாக அமைக்கிறார். போர் முடிந்து, மடிந்தவர்க்கு ஈமக்கடன் நிறைவேறி, அனைவரும் கங்கைக்கரையில் நீர்க்கடன் ஆற்ற நிற்கின்றனர். உறவினர் ஒவ்வொருவர்க்காகவும் நீர் விடப்படுகிறது. அப்போதுதான் குந்தி வாய் திறக்கிறாள். தேர்ப்பாகன் மகன் என்று நீங்கள் எண்ணிய கர்ணன் உங்கள் மூத்தவன். அவனுக்கும் நீர் விடுங்கள் என்று தன் மக்களிடம் கூறுகிறாள்.

பிறந்த நாள்முதல் அவள் மறைத்த மறை அது. மகன் பழிக்கப்பட்டபோதும், போர் மூண்டபோதும், பாண்டவர் முன் அவள் அதனை வெளியிடவில்லை. நீர் வார்க்கும் வேளையில், அவனுக்கென ஒருவரும் முன்வாராது போவரோ என்னும் நிலை வந்தபோது, அவளால் பொறுக்க இயலவில்லை. தருமன் நெஞ்சம் நைந்து தமையனுக்கு நீர்க்கடன் ஆற்றினான். உயிரோடு இருந்த நாளில் மறுக்கப்பட்ட உறவு, நீர்த்துறையில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

குடும்பங்கள்தோறும் இத்தகைய விடுபட்ட பெயர் ஒன்றாவது இருத்தல் கூடும். சினந்து பிரிந்தவர், சாதி மாறி மணந்தவர், தானே உயிர் மாய்த்துக்கொண்டவர், பேர் வைத்துச் சில நாளிலேயே மறைந்த குழந்தை, கணவன் வீட்டாரும் பிறந்த வீட்டாரும் கைவிட்ட பெண் என அவர் பலராவர். வாழ்நாளில் நேர்ந்த பிணக்கை எள்ளும் நீரும் வரை கொண்டுசெல்லுதல் அறமாகாது.

இறைவனே மகனான தலங்கள்

"எனக்குப் பிள்ளை இல்லை, எனக்குப் பின் என்னை யார் நினைப்பர்?" என்று கலங்கும் அன்பர் பலர். அவர்தம் கலக்கத்திற்குத் திருத்தலங்கள் விடை பகர்கின்றன.

திருவண்ணாமலையில் வல்லாள மகாராசன் பெயரால் ஒரு கோபுரம் நிற்பதைக் காணலாம். போசள மன்னன் மூன்றாம் வல்லாளனாகிய இவன் 14ஆம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தானோடு நிகழ்ந்த போரில் உயிர் நீத்தவன். மகப்பேறு இல்லாத அவனுக்கு அண்ணாமலையார் குழந்தையாய்த் தோன்றி அருளினார் என்பதைச் சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம் விரித்துரைக்கிறது. அம்மன்னனுக்கு மகன் முறையில் நின்று நீத்தார் கடன் ஆற்ற, மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டிற்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார். பிறப்பிலி என்று நாம் போற்றும் இறைவன் ஒருவனுக்கு மகனாகி ஆற்றங்கரைக்கு நடக்கிறான்.

கும்பகோணத்தில் சார்ங்கபாணிப் பெருமாளின் இராசகோபுரத் திருப்பணிக்காகத் தம் வாழ்நாளை ஈந்த இலட்சுமி நாராயணசுவாமி என்னும் அடியவர் மணம் புரியாதவர், மகவற்றவர். தீபாவளியை ஒட்டிய அமாவாசை நாளில் பெருமாளே அவருக்குத் திதி கொடுப்பதாகக் கொண்டாடும் வழக்கம் அத்திருக்கோயிலில் உண்டு.

இராமபிரான் தன் தந்தைக்கு ஈமக்கடன் ஆற்றும் வாய்ப்பினை வனவாசத்தால் இழந்தான். ஆயின், சீதையைக் காக்க முயன்று சிறகு இழந்து வீழ்ந்த சடாயுவுக்குத் தந்தை நிலை தந்து, தானே எரியூட்டி நீர்க்கடன் செய்தான். கும்பகோணத்தை அடுத்த திருப்புள்ளம்பூதங்குடியும், வைத்தீசுவரன் கோயிலில் உள்ள சடாயு குண்டமும் அந்நிகழ்ச்சியோடு தொடர்புடையனவாகப் போற்றப்படுகின்றன. பூந்தோட்டத்தை அடுத்த திலதர்ப்பணபுரியில் இராமன் எள் இறைத்ததாகத் தலவரலாறு கூறும். திலம் என்பது எள். மன்னனாயினும், அடியவனாயினும், பறவையாயினும் நினைப்பாரின்றிப் போகலாகாது என்பதே இத்தலங்கள் உணர்த்தும் உண்மை.

எவரும் விடுபடலாகாது

இவ்வுண்மையை மகாளய பட்சத்தின் அமைப்பிலும் காணலாம். பௌர்ணமிக்கு அடுத்த பிரதமை முதல் புரட்டாசி அமாவாசை வரை உள்ள தேய்பிறைக் காலமே மகாளய பட்சம். இதில் நவமி, கணவர் இருக்கும்போதே மறைந்த சுமங்கலிகட்கு உரியது. துவாதசி துறவியர்க்கு உரியது. சதுர்த்தசி, படைக்கலத்தாலும் விபத்தாலும் உயிர் நீத்தார்க்கு உரியது. திதி அறியப்படாதவர் அனைவர்க்கும் அமாவாசை உரியது.

தர்ப்பணத்தின் முடிவையும் அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பெயர் அறிந்தோர்க்கு நீர் விட்டபின், அறிந்தும் அறியாமலும் உள்ள முன்னோர் அனைவர்க்கும் நீர் விடப்படுகிறது. இறுதியாகத் தருப்பையைப் பிரித்து ஒரு கை நீர் வார்க்கப்படுகிறது. தாயோ, தந்தையோ, தோழரோ, சுற்றத்தாரோ எவரும் இல்லாதவர்க்கு உரிய நீர் அது. தன் குடும்பத்தில் தொடங்கிய சடங்கு, தனக்கு எவ்வுறவும் இல்லாதவரிடத்தில் சென்று நிறைவு பெறுகிறது. வீதியோரத்தில் அனாதையாய் மாண்டவர்க்கும், வெள்ளத்திலும் போரிலும் பெயரின்றிப் புதையுண்டவர்க்கும் அதில் பங்குண்டு. பலர் இதற்குள் எழுந்துவிடும் அவசரத்தில் இருக்கின்றனர். இதுவே சடங்கின் உச்சம் என உணர்ந்து பொறுமையுடன் செய்தல் வேண்டும்.

அச்சம் வேண்டா

முன்னோர் சினந்து நமக்குத் தீங்கு செய்வர் என்றும், பெரும்பொருள் செலவிட்டாலன்றி அது நீங்காது என்றும் சிலர் அஞ்சுகின்றனர். நம்மைத் தோளில் சுமந்த பாட்டனார், மறைந்தவுடன் நமக்குப் பகைவராவாரோ? பொருளற்றவர்க்கு விஷ்ணு புராணம் வழி காட்டுகிறது. பெருவிருந்து அளிக்க இயலாதவன் சிறிது எள்ளும் நீரும் தரலாம். அதுவும் இயலாதவன் ஒரு கைப்பிடிப் புல்லைப் பசுவுக்கு ஈயலாம். எதுவுமே இயலாதவன் காட்டிற்குச் சென்று இரு கைகளையும் உயர்த்தி, என்னிடம் பொருள் இல்லை, அன்பு மட்டுமே உள்ளது, அதனை ஏற்று நிறைவு பெறுக என்று முன்னோரை வேண்டலாம் என்பது அதன் கருத்து. இதனைவிட எளிய வழி யாது உண்டு?

ஆண் மகவு இல்லாத இல்லங்களில் மகள் வயிற்றுப் பேரன் கடன் ஆற்றலாம் என நூல்கள் உரிமை தருகின்றன. மகள் ஒருத்தியே உள்ள வீட்டிலும் நினைவிற்குத் தடையில்லை. அவள் அமாவாசைதோறும் விளக்கேற்றி, படையலிட்டு, காகத்திற்குச் சோறு வைத்து, பெற்றோரின் பெயரைச் சொல்லிப் பசித்த ஒருவர்க்கு உணவளிப்பின் அதுவும் மேலான கடனே. வடதமிழகத்தில், சுமங்கலியாய் மறைந்த மூதாட்டியைப் பூவாடைக்காரி எனப் போற்றி, திருமணத்திற்கு முன் புடவை வைத்துப் படைக்கும் இல்லங்கள் பல. அங்கு அம்மூதாட்டியின் பெயரைக் காத்து வருவோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரே.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

1. ஒரு குறிப்பேட்டை எடுத்து மஞ்சள் தடவிப் பூசையறையில் வையுங்கள். மேற்கூறிய நான்கு வரிசைகளில் 12 பெயர்களை எழுதுங்கள். தெரியாத இடத்தை வெற்றிடமாக விடுங்கள். அவ்வெற்றிடமே உங்களைக் கேட்கத் தூண்டும்.

2. குடும்பத்தில் மூத்தவர் எவரோ அவரிடம் இவ்வாரத்திலேயே கேளுங்கள். அடுத்த விடுமுறைக்கு எனத் தள்ளிப்போடாதீர்கள். பாட்டியரிடம் அவர்தம் தாயின் பெயரையும் மாமியாரின் பெயரையும் தனித்தனியே கேளுங்கள்.

3. மறைந்த நாளைத் தமிழ் மாதம், வளர்பிறை அல்லது தேய்பிறை, திதி என முறைப்படி குறியுங்கள். ஆங்கிலத் தேதி மட்டும் தெரியுமாயின், அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தைக் கொண்டு திதியை அறியலாம். உங்கள் குடும்பப் புரோகிதர் உதவுவார்.

4. குடும்பத்தில் பேசப்படாத பெயர் ஏதேனும் உண்டா எனப் பெரியோரிடம் பணிவுடன் கேளுங்கள். அதனையும் எழுதுங்கள். காரணத்தை எழுத வேண்டா, பெயர் போதும்.

5. அமாவாசை அன்று பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். தந்தை உள்ளவர் தர்ப்பணம் செய்யும் வழக்கம் இல்லை. எனினும் பெயர்களைக் காதால் கேட்பதற்குத் தடையில்லை. நாளை சொல்ல வேண்டியவர் இன்று கேட்டிருத்தல் வேண்டும்.

6. நீர்த்துறையில் பழைய ஆடைகளையும் நெகிழிப் பைகளையும் ஆற்றில் விடாதீர்கள். முன்னோர்க்கு நாம் வார்க்கும் நீர் அது. அதனை மாசுபடுத்தல் அவர்க்குச் செய்யும் பிழையாகும்.

நிறைவுரை

எள் சிறியது, உலர்ந்தது. மண்ணில் விழின் முளைத்து மீண்டும் எள்ளாகிறது. பெயரும் அத்தகையதே. ஒரு நாவிலிருந்து மற்றொரு செவியில் விழும்வரை அது வாழும். நாம் இன்று சொல்லும் பெயர்களுக்குரியவர் ஒரு காலத்தில் இதே ஆற்றங்கரையில் அமர்ந்து தம் முன்னோர் பெயரைச் சொன்னவர்கள். நம் பெயரும் ஒரு நாள் அவ்வரிசையில் சேரும். அதனைச் சொல்லும் நா நம் வீட்டில் இருக்க வேண்டுமாயின், இன்று நாம் சொல்லிக் காட்ட வேண்டும்.

திருக்கோயிலில் வழிபாடு முடித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், திண்ணையிலோ கட்டிலிலோ அமர்ந்திருக்கும் முதியவர் அருகில் சிறிது நேரம் அமர்ந்து, ஒரு பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அமாவாசையில் அப்பெயரைச் சொல்லி நீர் விடுங்கள். பின்னர், பெயர் சொல்ல எவரும் இல்லாத அனைவர்க்கும் ஒரு கை நீர் வார்த்து எழுங்கள். வல்லாளனுக்கு மகனாய் நின்ற அண்ணாமலையார் நம் குடியையும் நினைவையும் காத்தருள்வாராக.